ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் எப்போது குடிப்பது? ஆறு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் நேரமே இல்லையே

சுடலை, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டம்மாவுக்கு எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. எடை நன்றாக இறங்குகிறது, சர்க்கரை மாத்திரையையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அதெல்லாம் சந்தோஷம்தான். இப்போது தலைவலியாக வந்து நிற்பது தண்ணீர். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரை நிறுத்து, சாப்பிடும்போது குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடி என்று போட்டிருக்கிறது. அதே தாளில் கொஞ்சம் கீழே, ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடு, ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம் நிதானமாக மென்று சாப்பிடு, ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடி என்றும் இருக்கிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னால் அரை, சாப்பிட அரை, பின்னால் அரை, ஆக ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு வேளைக்கு ஒன்பது மணி நேரம். காலை ஆறுக்கு எழுந்து ராத்திரி பத்துக்குப் படுத்தால் மிச்சம் ஏழு மணி நேரம். அவளால் ஒரே மூச்சில் கால் டம்ளர்கூட இறக்க முடியாது, நெஞ்சில் வந்து நிற்கிறது என்கிறாள். அந்த ஏழு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் எப்படி உள்ளே போகும்? இதற்கு நடுவில் எங்கம்மா வேறு. இலைக்குப் பக்கத்தில் செம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்ததே கிடையாது. "விக்கி விக்கிச் சாப்பிடச் சொல்லுதானா அந்த டாக்டரு" என்று செம்பைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். மத்தியானத்துக்கு மேல் இவளுக்குத் தலை சுற்றுகிறது. யாராவது இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

டவுண் கதிர்

அண்ணாச்சி, இந்த அரை மணி நேரக் கதையை எல்லாம் ரொம்பத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நானும் ஸ்லீவ்தான், ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. சாப்பிடும்போதே ரெண்டு மூணு மடக்கு குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. தாள் அடித்துக் கொடுப்பவன் ஏசி ரூமில் உட்கார்ந்து அடித்திருப்பான். சித்திரை மாச வெயிலில் ஜங்ஷன் பாலத்தில் நின்று பார்த்தால் அல்லவா தெரியும்.

அம்பை மயினி

கதிர் தம்பி, ரெண்டு வருஷம் ஆன வயிறும் ரெண்டு மாசம் ஆன வயிறும் ஒன்றா? அதுவும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்தவருக்கும் ஆகாது என்று எப்படிச் சொல்வாய்?

சுடலை அண்ணாச்சி, எனக்கு ஸ்லீவ் இல்லை, இரைப்பை பைபாஸ், அதுவும் எடை குறைப்பு ஆபரேஷன்தான். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் இந்த விதி எதற்கு என்று புரியும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு நீளக் குழாய் மாதிரி விடுகிறார்கள். நூறு, நூற்றைம்பது மில்லி பிடிக்கும். ஆனால் இரைப்பைக்குக் கீழே குடலுக்குப் போகிற வாசலில் இருக்கும் வால்வு அப்படியே இருக்கும். பைபாஸில் மேலே முப்பது மில்லி அளவுக்கு ஒரு குட்டிப் பை மட்டும் செய்து அதை நேரே குடலோடு இணைத்துவிடுகிறார்கள், அந்த வால்வு வழியாகச் சாப்பாடு போவதே இல்லை. அதனால் எனக்குச் சாப்பாட்டோடு தண்ணீர் சேர்ந்தால் மடை திறந்த மாதிரி எல்லாம் மொத்தமாகக் குடலுக்குள் போய்விடும். அதிலும் இனிப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், வயிற்றைப் புரட்டும், போய்ப் படுத்தால்தான் சரியாகும். டம்பிங் என்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி, கைகால் நடுங்குவது இன்னொரு வகை.

ஸ்லீவ் போட்டவர்களுக்கு இந்த டம்பிங் குறைவு, வரவே வராது என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு வருகிற தொந்தரவு பெரும்பாலும் வேறு. ஏற்கெனவே குழாய் நிறையச் சாப்பாடு, அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் போக இடமில்லாமல் மேலே எதிர்த்து வரும். நெஞ்சில் ஒரு அழுத்தம், வாயில் எச்சில் ஊறி ஊறி நுரை நுரையாக வாந்தி. உங்கள் வீட்டம்மாவுக்கு நெஞ்சில் வந்து நிற்பது இதுதானா, இல்லை வெறும் தண்ணீர் குடித்தாலே நிற்கிறதா என்று கேளுங்கள். வெறும் தண்ணீரே இறங்கவில்லை, அதுவும் நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். குழாய் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டைத் தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்கப் பழகிவிட்டால் நாலு வாய்க்குப் பதில் பத்து வாய் போகும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். இறங்கிய எடை மெல்ல ஏற ஆரம்பித்த ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும், எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

ஆச்சி பேரன்

ஒரு சந்தேகம். பழைய சோறு எந்தக் கணக்கில் வரும்? சோறா தண்ணியா? எனக்கு ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை, அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எங்க ஆச்சி இப்போதே, நீராகாரம் குடிக்காமல் ஒருத்தன் எப்படி உயிரோடு இருப்பான் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்பை மயினி

ஆச்சியை அழ விடாதீர்கள். நீராகாரத்தை வடிகட்டி உப்புப் போட்டுக் குடித்தால் அது தண்ணீர்க் கணக்கு, தாராளமாகக் குடிக்கலாம். சோற்றோடு சேர்த்துப் பிசைந்து குடித்தால்தான் பிரச்சினை. ஆரம்ப மாதங்களில் அந்தப் பருக்கைகூட வேண்டாம். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு அது, நம் ஊரில் யார் பழைய சோற்றை மென்று பார்த்திருக்கிறோம்?

ரசமும் அப்படித்தான். ரசஞ்சோறு என்று பிசைந்து உள்ளே தள்ளினால் சுலபமாக இறங்கும், அந்தச் சுலபம்தான் தொந்தரவு. முட்டைக்கும் மீனுக்கும் பயறுக்கும் இடமில்லாமல் போய்விடும். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும், அதை முதலில் சாப்பிட வேண்டும் என்பார்கள். நான் மத்தியானம் ஒரு துண்டு மீனும் அவித்த காயும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்து நாலு மணிக்கு டீக்குப் பதிலாகக் குடிப்பேன். மிளகு தூக்கலாகப் போட்டது. அப்போது அது சாப்பாடு இல்லை.

வார்டு அக்கா

சர்ஜரி வார்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரிப் பேர் வேண்டாம். அண்ணாச்சியின் கணக்கு சரிதான், ஆனால் அதில் இரண்டு இடங்களில் இளக்கம் இருக்கிறது.

முதலாவது, சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம். 2013-ல் அமெரிக்காவில் இந்தத் துறை சார்ந்த மூன்று சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், சாப்பிட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழித்து மெதுவாகக் குடிப்பது நல்லது, ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. முன்னால் எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் அனுபவப்படி போடுகிறது. சில இடங்களில் 15 நிமிடம், சில இடங்களில் 30. வெறும் தண்ணீர் காலியான இரைப்பையில் வெகுநேரம் தங்காது. அதனால் 15 நிமிடம் போதுமா என்று உங்கள் டயட்டீஷியனிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். பின்னால் விடுகிற 30 நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஆறு வேளையும் கட்டியான சாப்பாடாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? புரதப் பவுடர் கலந்த பால், கெட்டியில்லாத மோர், பருப்புத் தண்ணீர், சூப் எல்லாம் திரவம். அதற்கு முன்னால் பின்னால் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தண்ணீர்க் கணக்கிலும் சேரும். ஆறில் இரண்டு வேளையை இப்படி மாற்றிவிட்டால் கட்டியான சாப்பாடு நாலு வேளைதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 15, சாப்பிட 30, பின்னால் 30, ஆக 75 நிமிடம். நாலுக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம். மிச்சம் பதினொன்று. ஒன்றரை லிட்டரைப் பதினொன்றால் வகுத்தால் மணிக்கு 140 மில்லி சுமார். அதிலும் அந்த இரண்டு திரவ வேளையே முந்நூறு, நானூறு மில்லி கொடுத்துவிடும். முடியாத கணக்கா இது?

இன்னொரு முக்கியமான விஷயம். தலை சுற்றல் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு பிபி மாத்திரை இருக்கிறதா? அதில் நீர் பிரியும் மாத்திரை ஏதும் இருக்கிறதா? எடை இறங்க இறங்க பிபியும் இறங்கும், பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். தண்ணீரும் குறைந்தால் ரெண்டும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். சர்க்கரை மாத்திரையையும் அவர்கள் குறைத்தது போதுமா என்று, தலை சுற்றும் நேரத்தில் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிட்டுக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், நாளைக்கே போன் போடுங்கள்.

டவுண் கதிர்

வார்டு அக்கா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், இந்த அரை மணி நேரத்துக்கு உறுதியான ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா, இல்லை எல்லோரும் சொல்கிறார்கள் என்று சொல்கிறதா?

வார்டு அக்கா

நல்ல கேள்வி தம்பி. பெரிய அளவில் ஆராய்ச்சி செய்து 30 நிமிடம்தான், 29 கூடாது என்று யாரும் நிறுவவில்லை. வாந்தி, நெஞ்சடைப்பு, டம்பிங் இவற்றை வருஷக்கணக்காகப் பார்த்த டாக்டர்களின் அனுபவத்தில் வந்த விதி அது. அதனால்தான் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகிறது. தொண்டையில் மாட்டியது போல இருந்தால் ஒரு மடக்கு தண்ணீர் குடித்ததற்காக யாரும் செத்துப் போக மாட்டார்கள். சாப்பாட்டோடு போடச் சொன்ன மாத்திரைக்கும் ஒரு வாய் தண்ணீர் தேவைதான், அதைக் குடிக்கலாம். செம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

ஆனால் இரண்டு தவறில் எது பெரிசு என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வார்டுக்கு வருகிறவர்களில் உடம்பில் நீர் வற்றிப்போய் வருகிறவர்கள் நிறைய. விதிக்குப் பயந்து குடிக்காமலே இருந்துவிடுவார்கள். அரை மணி நேரம் பத்து நிமிடம் குறைந்தால் வயிறு கொஞ்சம் முணுமுணுக்கும், நாள் முழுக்கக் குடிக்காவிட்டால் கிட்னி அடிபடும்.

இதைப் படிக்கிற எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: நாலைந்து நாளாக வாந்தி நிற்கவில்லை என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனால், அவர்கள் முதலில் தொங்கவிடுவது குளுக்கோஸ் பாட்டில். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் மளமளவென்று குறைந்துவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் அபாயம் உண்டு. கண் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அறிகுறி. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையே "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது, பி1 ஊசி போட வேண்டுமா பாருங்கள்" என்பதாக இருக்கட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால் அடுத்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மேலப்பாளையம் பாத்திமா

எனக்கு ஸ்லீவ் ஆகி இரண்டாவது ரமலான் இது. முதல் வருஷம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்று வீட்டிலும் புரிந்துகொண்டார்கள். இந்த வருஷம் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டு மஃரிபிலிருந்து (சூரியன் மறைந்ததும் வருகிற தொழுகை) ஸஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரைக்குள் ஒன்றரை லிட்டரை முடிக்க வேண்டும், நடுவில் தூங்கவும் வேண்டும். அண்ணாச்சியின் ஏழு மணி நேரக் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், எனக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

நான் செய்வது இதுதான். பாங்கு சொன்னதும் அரைப் பேரீச்சம்பழம், நாலு மடக்குத் தண்ணீர். தொழுதுவிட்டு வர எப்படியும் கால் மணி நேரம் ஆகிவிடும். வந்து நோன்புக் கஞ்சி. பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் வருகிற கஞ்சி சூட்டில் தண்ணியாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகிவிடும். நான் மேலாகத் தெளிவாக இருப்பதை ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கரண்டியால் குடிப்பேன், அது திரவம். அடியில் கிடக்கும் அரிசியும் கறியும் பிள்ளைகளுக்கு. வடை, சமோசா பக்கம் போக மாட்டேன். இஷா தொழுகைக்கு முன்னால் கொஞ்சம் கோழி, அப்புறம் அரை மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு, தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடியும்வரை பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடையிடையே குடிப்பது. ஸஹருக்கு அலாரம் ஒரு மணி நேரம் முன்னால். எழுந்ததும் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்ச நேரம் கழித்து முட்டை. சாப்பிட்டு முடித்து மறுபடி குடிக்க நேரம் விட்டுத்தான் அலாரம் வைக்க வேண்டும், அதை மறந்தால் பகலில் தெரியும். தலை சுற்றினால் நோன்பை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

களக்காடு வாழைத்தோப்பு

இளநீர், பதநீர், நுங்கு பற்றி யாரும் பேசவில்லையே. தோப்பில் வேலை செய்கிறவன் நான், வெறும் தண்ணீர் எவ்வளவுதான் குடிப்பது?

அம்பை மயினி

இளநீர் குடிக்கலாம், வழுக்கையை விட்டுவிடுங்கள். பதநீர் எனக்கு ஆகாது, அவ்வளவு இனிப்பு பைபாஸ் வயிற்றுக்குத் தாங்காது. ஸ்லீவ்காரர்களுக்கும் அது சர்க்கரைதான், பனையில் இருந்து வந்தால் சர்க்கரை இல்லாமல் போய்விடாது. கருப்பட்டிக் காபிக்கும் அதே பதில். நீர்மோர்தான் தோப்புக்கு ஏற்றது, இஞ்சி கறிவேப்பிலை தட்டிப்போட்டு உப்புடன். சோடா, கோலி சோடா, கலர் எதுவும் வேண்டாம், காற்று போய் வயிற்றை உப்ப வைக்கும்.

வார்டு அக்கா

இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி கோளாறு உள்ளவர்களும், சில வகை பிபி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும். டீ, காபியோடு இரும்புச் சத்து மாத்திரை போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சுடலையின் வீட்டம்மா

அவர் போனில் இருந்து நானே எழுதுகிறேன். இவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் அரை மணி நேரம் இல்லை. நான் வேலை பார்க்கிற கடையில் எங்களுக்குப் பாத்ரூம் மூணாவது மாடியில் இருக்கிறது, படியேறிப் போய் வந்தால் சூப்பர்வைசர் மணியைப் பார்ப்பார். அதனால் காலையில் இருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுவேன். ஆபரேஷனுக்கு முன்னாலும் அப்படித்தான், அப்போது உடம்பு தாங்கியது. நெஞ்சில் நிற்பது வேகமாகக் குடித்தால் மட்டும்தான், மெதுவாகக் குடித்தால் இறங்குகிறது. பிபி மாத்திரை உண்டு. அது என்ன மாத்திரை என்று அட்டையைப் பார்த்துவிட்டு நாளை டாக்டருக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.

அம்பை மயினி

தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் வகுத்தல் கணக்குப் போட்டிருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம், இவருக்கு அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அனுமதி வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கி முதலாளியிடமே கொடு, சூப்பர்வைசரிடம் வேண்டாம். அதுவரை கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை லிட்டர், திரும்பி வந்து படுப்பதற்குள் அரை லிட்டர் என்று வீட்டுப் பங்கை முடித்துக்கொள். கடையில் மிச்ச அரை லிட்டர்தான், கால் லிட்டர் பாட்டில் ரெண்டு. பெரிய பாட்டிலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளில் இருந்தால் போதும், அடர்ந்து போனால் எந்த வேலையில் இருந்தாலும் குடி.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். செம்பை வைக்கட்டும், சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்து அதே செம்பில் குடி, அவர்களுக்கும் மனசு ஆறும்.

சுடலை, பாளையங்கோட்டை

படித்தேன். சீட்டு நாளைக்கே வாங்குகிறேன். வார்டு அக்கா, பாத்திமா அக்கா, மயினி எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, வருகிற மாதம் மச்சினன் கல்யாணம், மறுவீட்டுக்குச் சொதி உண்டு. அவளுக்குச் சொதி என்றால் உயிர். அது எந்தக் கணக்கு?

அம்பை மயினி

சொதி தண்ணீரும் இல்லை, சாப்பாடும் இல்லை அண்ணாச்சி, அது தேங்காய்ப்பால். கொழுப்பு ஜாஸ்தி. அதில் கிடக்கும் பயற்றம்பருப்பையும் காயையும் அரித்து எடுத்து நாலு கரண்டி சாப்பிடட்டும், மேலே ரெண்டு ஸ்பூன் சொதி. இஞ்சித் துவையல் தொட்டுக்கொள்ளலாம், சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வேண்டாம். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற பையன் வந்தால் டம்ளரைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பான்.